சொன்னவர் பெயரை எங்கே போடுவது?

கேள்வி: கடற்காற்று பற்றித் தேவனாம்பட்டினம் மீனவப் பெரியவர்களிடம் கேட்டு முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். நெறியாளர் ஏ.பி.ஏ. (அமெரிக்க உளவியல் சங்கம்) மேற்கோள் முறையில் எழுதச் சொல்கிறார். அவர்களைத் துணைநூற்பட்டியலில் சேர்க்கலாமா?
– ஆய்வு மாணவி, கடலூர்

பதில்: கூடாது. படிப்பவர் தேடி எடுத்துப் பார்க்க முடியாத எதையும் ஏ.பி.ஏ. ஏழாம் பதிப்பு அந்தப் பட்டியலில் ஏற்பதில்லை. கட்டுரைக்குள்ளேயே அடைப்புக்குறியில் பெயர், 'நேரில் சொன்னது', முழுத் தேதி ஆகிய மூன்றையும் தர வேண்டும்.

ஆனால் அவர்களுடைய வாழ்க்கைதான் உங்கள் ஆய்வுப்பொருள் என்றால் இதுவும் பொருந்தாது. அப்போது பேட்டிகள் உங்கள் தரவு. ஆய்வுமுறை இயலில் விவரித்துவிட்டு, 'மீனவர் 3' என்பதுபோலக் குறியிட்டு மேற்கோள் காட்டுங்கள். உங்கள் நிலை வேறு. வாடைக்காற்றில் என்ன மீன் படும், கச்சான் காற்று எப்போது திரும்பும் என்று சொல்பவர் அந்தத் துறையின் அறிஞர். அவரை 'ஒரு மீனவர் கூறினார்' என்று எழுதுவது அநியாயம். நம் நாட்டார் வழக்காற்று ஆய்வேடுகளில் உள்ள நல்ல வழக்கத்தைக் கைக்கொள்ளுங்கள்: பின்னிணைப்பில் தகவலாளர் பட்டியல். பெயர், வயது, தொழில், ஊர், தேதி, பேசிய பொருள் எல்லாம் அதில் வரட்டும். கனடாவில் லொரிசியா மக்லியோட் என்ற நூலகர், பழங்குடி மூத்தோரை மேற்கோள் காட்ட இதே போக்கில் ஒரு வார்ப்புருவை உருவாக்கி 2021இல் வெளியிட்டார். அதில் அவர்களுடைய இனமும் வாழிடமும்கூட இடம்பெறும்.

பெயரில்தான் பலர் தடுமாறுகிறார்கள். முருகன் கந்தசாமி என்று ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மேற்கோள் மென்பொருள் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராகக் கொண்டு 'கந்தசாமி' என்று போட்டுவிடும். சொன்னது மகன், பெயர் அப்பாவுக்கு! குடும்பப் பெயர்க் கட்டத்தில் முருகன் என்றே நிரப்புங்கள்.

ஒலிப்பதிவின் தொடக்கத்திலேயே தேதி, இடம், பெயர் வெளியிடச் சம்மதம் மூன்றையும் அவர் குரலிலேயே வாங்கிவிடுங்கள். மீன் கூட்டத்தையே வளைத்துப் பிடிக்கும் சுருக்குமடி வலை பற்றிய தகராறு போன்ற பேச்சு வந்தால் அந்தப் பகுதிக்குத் தனியாகக் கேளுங்கள். அங்கே பெயரை மறைத்தால், தகவலாளர் பட்டியலில் அவருக்குள்ள எண்ணையும் போடாதீர்கள். எண்ணை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம்.

கேள்வி: எழுத்தாளர் ஒருவரிடம் நானே எடுத்த, அச்சில் வராத பேட்டி. எம்.எல்.ஏ. (நவீன மொழிச் சங்கம்) மேற்கோள் முறையில் எப்படிக் காட்டுவது?
– முதுகலை மாணவர், புதுச்சேரி

பதில்: இங்கே துணைநூற்பட்டியலில் சேர்க்கலாம். பேட்டி தந்தவர் பெயர், 'நேர்காணல்', எடுத்தவர், தேதி என்ற வரிசையில் எழுதுங்கள். அகரவரிசை எழுத்தாளர் பெயரில்தான், உங்கள் பெயரில் அல்ல. சிகாகோ மேற்கோள் முறையில் பெரும்பாலும் அடிக்குறிப்போடு சரி.