கணக்குக் கட்டு யார் தலையில்?

அன்புள்ள ஆச்சிக்கு,

காரைக்குடியில் பி.எட். படிக்கிறேன். கற்பித்தல் பயிற்சிக்குப் போகும் பள்ளியில் பீகார், ஒடிசாவிலிருந்து வந்த பிள்ளைகள் சிலர் இருக்கிறார்கள். பெற்றோருக்குப் புதுவயல் அரிசி ஆலைகளில் வேலை. சாயங்காலம் அவர்கள் இருக்கும் இடத்துக்கே போய்ப் பேசுகிறேன். ஊரை விட்டு வந்த கதையைக் கேட்கும்போதெல்லாம் கண் கலங்குகிறது. நல்ல ஆசிரியை ஆக வேண்டும் என்ற உந்துதல் கிடைக்கிறது. வேலைக்குப் போன பிறகும் இது நிலைக்குமா? பிள்ளைகளையே வகுப்பில் கதை சொல்ல வைக்கலாமா? நான் இந்தி கற்றுக்கொள்ளட்டுமா?
– வ.

அன்புள்ள வ.,

இந்தி படி. ஒடிசாப் பிள்ளைகள் வீட்டில் பேசுவது ஒடியா என்பதையும் தெரிந்துகொண்டு படி. உந்துதல் நிலைக்காது. பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் பிள்ளைகள் விவரம் ஏற்றுவதிலேயே முதல் வருஷத்தில் பாதி கரைந்துவிடும். அதனால் ஒன்றும் குடி முழுகிப்போகாது.

பொழுது சாய்ந்த பிறகு ஆலைப் பக்கம் போய் அந்தப் பிள்ளைகளின் பெற்றோரோடு உட்கார்கிறாயே, அதற்காக உன்னைக் கட்டிக்கொள்ளத் தோன்றுகிறது. ஆனால் கண் கலங்கியதை எழுதியிருக்கிறாய் பார், அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. உன் கடிதத்தில் உன் கண்ணீர் இருக்கிறது, உன் உந்துதல் இருக்கிறது. அவர்கள் சொன்ன ஒரு வரிகூட இல்லையே அம்மா!

கதை கேட்பதில் நம் ஊருக்கு ஒரு நோய் உண்டு. எங்கள் ஐயா பர்மாவில், ரங்கூனில், செட்டியார் வட்டிக்கடை ஒன்றில் பெட்டியடிப் பையனாக, அதாவது எடுபிடியாகச் சேர்ந்து, கடையை நடத்தும் ஏஜெண்டானவர். 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டான். ஐயா தமு வழியாக மணிப்பூருக்குள் நடந்தே வந்து சேர்ந்தார். எங்கள் வளவு வீட்டில் விசேஷம் என்றால் அந்தக் கதை இல்லாமல் பந்தி எழாது. காடு, காலரா, வழியில் விழுந்து கிடந்தவர்கள், கடைசிவரை கையை விட்டு இறக்காத கடைக் கணக்குக் கட்டு. கேட்ட பெண்டுகள் மூக்கைச் சிந்துவார்கள். அவரும் அந்த இடத்தில் சற்று நிறுத்துவார்.

கூட நடந்து வந்த சமையல்காரர் வீட்டின் இரண்டாம் கட்டில் இருப்பார். அவரை யாரும் கேட்டதில்லை. ஒரு கல்யாணத்துக்கு முந்தின நாள் கவுனி அரிசியை ஊறப் போட்டுவிட்டுத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தவரிடம் சும்மாதான் கேட்டேன், "வழியில என்ன சாப்பிட்டீங்க?" என்று. துருவலை நிறுத்தாமலே சொன்னார்: "கஞ்சிதான் ஆத்தா. ஐயாவுக்குக் கால் பூரா கொப்புளம். கணக்குக் கட்டு ஏந் தலையிலதான வந்துச்சு."

ஐயா பொய் சொன்னார் என்று சொல்ல வரவில்லை. அழுதுகொண்டே கேட்டவர்கள் கட்டு யார் தலையில் வந்தது என்று கேட்கவே இல்லை. அவ்வளவுதான்.

அந்தக் கட்டைப் பிறகு நானே பிரித்துப் பார்த்திருக்கிறேன். பக்கத்துக்குப் பக்கம் மவுங் என்றும் மா என்றும் தொடங்கும் பர்மியப் பெயர்கள், நம் தமிழ் எழுத்தில். கீழே அசல், வட்டி. சில பக்கங்களில் கடைசி வரியாக நிலத்தின் அளவு. கீழ் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் 1930-ல் நூற்றுக்கு 6 பங்கு நிலம்தான் செட்டியார்கள் கையில் இருந்தது. 1938-க்குள் 25 பங்கு. நெல் விலை விழுந்து குடியானவன் கடனைக் கட்ட முடியாமல் போனதில் வந்த நிலம் அது. நமக்கு வேண்டியிருந்தது பணம். நிலத்தை வேண்டா வெறுப்பாகத்தான் எடுத்தோம் என்பார்கள். உண்மைதான். நிலம் போனவனுக்கு அதில் என்ன ஆறுதல்? சொத்தெல்லாம் பர்மாவில் போச்சு என்று இன்றைக்கும் சொல்லும் வீடுகளில், அந்த மவுங்குகள் எங்கே போனார்கள் என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. தேக்குத் தூண், மரவை, மங்குச் சாமான் எல்லாவற்றுக்கும் பூர்வீகம் சொல்கிறோம். கானாடுகாத்தானில் செட்டிநாட்டு வீடுகளைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கும் அதைத்தான் சொல்லி அனுப்புகிறோம்.

ஆகவே, கணக்குப்பிள்ளை மாதிரி கேள். பற்று, வரவு இரண்டையும் கேள். முன்பணம் யார் கொடுத்தார், கூட்டி வந்தவருக்கு எவ்வளவு போகிறது, ஊரில் நிலம் இருந்ததா, இப்போது யார் உழுகிறார், அம்மா ஆலையில் எந்த ஷிப்டு, அந்த நேரத்தில் கைக்குழந்தை யாரிடம். இதெல்லாம் கேட்டால் உனக்கு அழுகை வராது. சொல்கிறவருக்கும் உன்னைத் தேற்றுகிற வேலை மிச்சம்.

வகுப்பில் சொல்ல வைக்கலாமா என்று கேட்டாய். கூடவே கூடாது. பத்து வயசுப் பையனை நாற்பது பேர் முன்னால் நிறுத்தித் தன் வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லச் சொல்வாயா? உன் வீட்டுக் கடனை நீ சொல்வாயா? அவனாக வந்து சொன்னால் கேட்டுக்கொள்.

2009 கல்வி உரிமைச் சட்டத்தைப் பரீட்சைக்காகப் படித்திருப்பாய். மாற்றுச் சான்றிதழ் வரவில்லை என்று எந்தப் பிள்ளையையும் நிறுத்தி வைக்கக் கூடாது. வயசுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும். அப்படிச் சேர்ந்த பிள்ளை மற்றவர்களை எட்டிப் பிடிக்கச் சிறப்புப் பயிற்சி பெறுவது அதன் உரிமை. உன் பள்ளியில் அந்தப் பயிற்சி நடக்கிறதா? நடத்துவது யார்?

அடுத்த கடிதத்தில் அதை எழுது. கூடவே அந்தப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் எதுவரை, எந்த மொழியில் படித்தார்கள், நடுவில் எத்தனை மாதம் பள்ளிக்கூடமே போகவில்லை என்பதையும் விசாரித்து எழுது.

அன்புடன்,
ஆச்சி