ஏழு கிளையா, ஒன்பது கிளையா?

வணக்கம் ஐயா,

பைபிளின் யாத்திராகமத்தில் இரு பக்கமும் மும்மூன்று கிளைகள் கொண்ட பொன் விளக்கு வருகிறது. நடுத்தண்டையும் சேர்த்தால் ஏழு தீபம். ஆனால் டிசம்பரில் யூதர்கள் வீட்டு ஜன்னலில் வைக்கும் விளக்கில் எண்ணினால் ஒன்பது. எது சரியான வடிவம்? எண்ணெய் விளக்கு எப்படி மெழுகுவர்த்தி ஆனது?

– ஜெ., பாளையங்கோட்டை

அன்புள்ள ஜெ.,

இரண்டும் சரிதான். ஆனால் அவை வேறு வேறு விளக்குகள்.

நீங்கள் படித்தது மெனோரா. ஒரு தாலந்து (பழங்கால எடை அளவு) பசும்பொன்னை அடித்தே முழு விளக்கையும் உருவாக்க வேண்டும், கிளைகளில் வாதுமை மொக்குகள் இருக்க வேண்டும் என்று விதி விவரமாகப் போகிறது. எரிந்தது ஒலிவ எண்ணெய். ஆலயத்துக்குள் ஆசாரியர்கள் மட்டுமே அதைக் கவனித்துக்கொண்டார்கள். சாதாரண ஜனங்கள் அதன் அருகே போக முடியாது. கி.பி. 70இல் ரோமானியர்கள் எருசலேம் ஆலயத்தை அழித்தார்கள். கொள்ளையடித்த விளக்கைத் தோளில் சுமந்து போகும் ஊர்வலத்தை ரோம் நகரின் டைட்டஸ் வளைவில் இன்றும் பார்க்கலாம். வென்றவன் பெருமைக்காகச் செதுக்கிய அந்த வடிவத்தைத்தான் 1949இல் இஸ்ரேல் தன் அரசுச் சின்னத்தில் வைத்துக்கொண்டது. எனக்கு அது பெரிய மீட்பாகவே படுகிறது.

ஆலயம் போன பிறகு, அதன் விளக்கைப் போலவே இன்னொன்று செய்யக் கூடாது என்றது யூதச் சட்ட விளக்கத் தொகுப்பான தல்மூத். ஐந்து, ஆறு, எட்டு கிளைகள் இருக்கலாம், ஏழு கூடாது.

ஒன்பது தீபம் ஹனுக்கா பண்டிகைக்கு உரியது. கி.மு. 164 வாக்கில் மக்கபேயர் என்ற யூதப் போராளிகள் ஆலயத்தை மீட்டுச் சுத்திகரித்தபோது, ஒரு நாளுக்கான எண்ணெய் எட்டு நாள் எரிந்தது என்பது நம்பிக்கை. அதனால் எட்டு தீபம். ஒன்பதாவது ஷமாஷ், மற்றவற்றை ஏற்றுவதற்கானது. அந்த எட்டின் வெளிச்சத்தில் படிக்கவோ வேலை செய்யவோ கூடாது என்பதால் ஷமாஷைச் சற்று உயர்த்தியோ தள்ளியோ வைப்பார்கள். முதல் நாள் எட்டும் ஏற்றித் தினம் ஒன்றாகக் குறைக்க வேண்டும் என்றது பழங்கால யூதச் சட்ட அறிஞர் ஷம்மாயின் பள்ளி. ஒன்றில் தொடங்கிக் கூட்டிக்கொண்டே போக வேண்டும், புனிதக் காரியத்தில் இறங்குமுகம் கூடாது என்றது இன்னோர் அறிஞரான ஹில்லேலின் பள்ளி. நிலைத்தது ஹில்லேல் வழிதான்.

இந்த விளக்கு தெருவில் போகிறவர் கண்ணில் பட வேண்டும். ஆபத்துக் காலத்தில் மட்டும் வீட்டுக்குள் மேசையில் வைத்தால் போதும் என்று தல்மூத்தே சலுகை தருகிறது. 1931இல் ஜெர்மனியின் கீல் நகரில் ஒரு ரபியின் (யூத மதகுரு) மனைவி ராகேல் போஸ்னர் ஜன்னலில் வைத்த விளக்கைப் படம் எடுத்தார். எதிர்க் கட்டடத்தில் நாஜிக் கொடி தொங்குகிறது. படத்தின் பின்புறம் அவர் எழுதியதன் சாரம் இது: யூதம் ஒழியட்டும் என்கிறது கொடி, யூதம் என்றும் வாழும் என்று பதில் சொல்கிறது விளக்கு. அந்தச் சலுகையை அவர் எடுத்துக்கொள்ளவில்லை என்பதுதான் என்னை நெகிழ வைக்கிறது.

அப்புறம், மெழுகுவர்த்தி பிற்காலத்தில் வந்த வசதி. ஒலிவ எண்ணெய்தான் சிறப்பு என்று அதையே ஊற்றி ஏற்றும் வீடுகள் இன்றும் உண்டு. கடையில் வாங்கும் ஹனுக்கா பெட்டியில் வழக்கமாக 44 வர்த்திகள் இருக்கும்: எட்டு இரவுக்குமாக 36, ஷமாஷுக்கு 8.