தாத்தா இறந்ததும் நான் பிறந்ததும்

கேள்வி: நான் பிறந்த பத்தாம் நாள் தாத்தா இறந்துவிட்டார். பாட்டி ‘ராசியில்லாதவள்’ என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தேன். 41 வயதாகியும் நல்ல காரியங்களில் பின்வரிசையில்தான் நிற்பேன். அடுத்த மாதம் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். ‘அத்தைதான் ஆரத்தி எடுக்கணும்’ என்கிறார் அண்ணி. நினைத்தாலே கை நடுங்குகிறது. யோகா வகுப்பில் கேட்டேன். முற்பிறவியில் மனதில் விழுந்த பதிவு, ‘சம்ஸ்காரம்’ என்கிறார்கள். அப்படியென்றால் அழியவே அழியாதா?

வாசகி, கும்பகோணம்

பதில்: அன்புச் சகோதரிக்கு, சம்ஸ்காரங்கள் பிறவிகள் தாண்டியும் தொடரும் என்று யோக நூல்கள் சொல்வது உண்மைதான். ஆனால் உங்கள் விஷயத்தில் அவ்வளவு தூரம் போக வேண்டாம். அந்தப் பதிவு எங்கே விழுந்தது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். கணவரைப் பறிகொடுத்த பாட்டி, துக்கத்துக்கு ஒரு காரணம் தேடியிருக்கிறார். கண்ணில் பட்டது தொட்டிலில் கிடந்த குழந்தை.

பதஞ்சலியின் யோக சூத்திரத்துக்கு உரை எழுதிய வியாசர், இதைச் சுழலும் சக்கரம் என்கிறார். எண்ணம் மனதில் தடம் பதிக்கிறது. தடம் அதே எண்ணத்தை மறுபடி கிளப்புகிறது. நீங்கள் ஒதுங்கி நின்ற ஒவ்வொரு கல்யாணமும் தடத்தை ஆழமாக்கியது. ‘நான் ஒதுங்கினேன், நல்லபடி நடந்தது’ என்று மனம் கணக்கு எழுதிக்கொண்டது. முன்னால் நின்றிருந்தாலும் நல்லபடியே நடந்திருக்கும் என்று பார்க்க அதற்கு வாய்ப்பே தரவில்லை.

மன அசைவுகளை ஐந்தாகப் பிரிக்கும் பதஞ்சலி, ஒன்றுக்கு விகல்பம் என்று பெயர் வைக்கிறார். சொல் இருக்கும், அதற்குரிய பொருள் உலகில் இருக்காது. ‘ராசியில்லாதவள்’ அப்படியொரு சொல். 41 வருடம் அந்தச் சொல்லுக்குப் பயந்திருக்கிறீர்கள் என்று படித்தபோது மனசு கனத்துவிட்டது.

இந்தத் தடம் வலுவிழக்கும். அதற்குப் பிரதிபக்ஷ பாவனம், அதாவது எதிர்ப்பக்கத்தை எண்ணிப் பார்ப்பது என்று ஒரு வழி உண்டு. இம்சை, பொய் போன்ற எண்ணங்களுக்காகப் பதஞ்சலி சொன்னது. உங்களுக்கும் பொருந்தும் என்பது என் எண்ணம். ‘நான் அதிர்ஷ்டசாலி’ என்று ஜபிப்பதாகப் பலர் இதைப் புரிந்துகொள்கிறார்கள். அது இல்லை. இந்த எண்ணம் துன்பத்தையும் அறியாமையையுமே விளைவிக்கிறது என்று எண்ணிப் பார்ப்பது. பயம் எழும்போதெல்லாம், எந்தெந்தக் கல்யாணத்தில் எந்தெந்தச் சந்தோஷத்தை அது பறித்தது என்று ஒவ்வொன்றாக நினையுங்கள்.

நீண்ட காலம், இடைவிடாமல் செய்தால்தான் பயிற்சி ஊன்றும் என்கிறார் பதஞ்சலி. ஒரு மாதம் போதாது. அன்றைக்குக் கை நடுங்கத்தான் செய்யும். ஆரத்தித் தட்டை இருவர் சேர்ந்து பிடிப்பது நம் வழக்கம்தானே? மறுபக்கத்தை அண்ணியைப் பிடிக்கச் சொல்லுங்கள்.