கேம் முன்பதிவு: எப்போது திறப்பது, எப்போது கட்டுவது?

சரவணம்பட்டியில் நாலு பேர் சேர்ந்து கணினிக்கு ஒரு கேம் செய்கிறோம்ங்க. எத்தனை மாதம் முன்னால் ப்ரீ-ஆர்டர் திறக்கலாம்?

திறக்கவே வேண்டாம். புதுக் குழுவை நம்பி முன்பணம் கட்டுவோர் குறைவு. தேதி தள்ளினால் அவர்களும் விலகுவார்கள். உங்களுக்கு முன்பதிவு என்பது, கணினி கேம்களை விற்கும் இணையக் கடையான ஸ்டீமின் விஷ்லிஸ்ட்தான்; வாங்க நினைப்பவர்கள் குறித்துவைக்கும் பட்டியல் அது. அதில் சேர்த்தவர்களுக்கு வெளியீட்டன்று ஸ்டீமே மின்னஞ்சல் அனுப்பும். ஸ்டீமில் கேமின் பக்கம் வெளியீட்டுக்குக் குறைந்தது 2 வாரம் முன்பே திறந்திருக்க வேண்டும் என்பது விதி. அது போதாது, ஆறேழு மாதம் கொடுங்கள். பக்கம் திறக்காமல் டிரெய்லர் விடுவதுதான் பெரிய தவறு: பார்த்தவருக்கு அழுத்த பட்டன் இல்லை, மறுநாள் மறந்துவிடுவார். பிப்ரவரி, ஜூன், அக்டோபரில் நெக்ஸ்ட் ஃபெஸ்ட் நடக்கும்; வரப்போகும் கேம்களின் டெமோக்களை இலவசமாக ஆடிப்பார்க்க ஸ்டீம் நடத்தும் விழா அது. ஒரு கேமுக்கு ஒரே வாய்ப்பு. ஆகவே வெளியீட்டுக்கு நெருக்கமான ஃபெஸ்டுக்கு அதை வைத்திருங்கள். டெமோவைச் சில வாரம் முன்பே விட்டுக் கோளாறுகளைத் தீர்த்துவிடுங்கள்.

பெரிய நிறுவனங்கள் வருடக்கணக்கில் முன்பே அறிவிக்கின்றனவே?

எல்லாரும் இல்லை. ஃபால்அவுட் 4 என்ற கேமை 2015 ஜூனில் அறிவித்து நவம்பர் 10-இல் விற்றார்கள், சூடு ஆறவில்லை. சில்க்சாங் என்ற கேம் 2019-இல் அறிவிக்கப்பட்டாலும், தேதி சொன்னது 2025 ஆகஸ்ட் 21, வந்தது செப்டம்பர் 4. முன்பதிவே இல்லை, ஆனாலும் அன்று இணையக் கடைகள் திணறின. முந்தைய கேம் சேர்த்துத்தந்த ரசிகர் கூட்டம் அது. அந்தக் கூட்டம் இல்லாமல், தேதி சொல்லி இரண்டு வாரத்தில் விடும் கணக்கை நம்பக்கூடாது.

திருப்பூரில் டிஸ்க் கடை வைத்திருக்கிறேன். தீபாவளிக்கு முன்பதிவு எடுக்கலாமா?

கம்பெனி போனஸ் கைக்கு வரும் வாரத்தில் நவம்பர் கேம்களுக்கு எடுங்கள். முதலில் விநியோகஸ்தரிடம் ஆர்டருக்குக் கடைசி நாளையும் உங்களுக்கு எத்தனை டிஸ்க் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கு மேல் ஒரு முன்பணம்கூட வாங்காதீர்கள். தேதி தள்ளினால் பணம் திரும்பும் என்று ரசீதிலேயே எழுதிவிடுங்கள்.

ஈரோட்டிலிருந்து: பையன் முன்பதிவு கேட்கிறான். கட்டலாமா?

டிஜிட்டல் கேம் தீர்ந்துபோகாது, அவசரமில்லை. சைபர்பங்க் 2077 என்ற கேமில், வெளியீட்டுக்கு முன் விமர்சகர்கள் கையில் இருந்தது கணினிப் பதிப்பு மட்டும். பழைய கன்சோல்களில் அது ஓடிய லட்சணத்தால் சோனி ஒரே வாரத்தில் தன் பிளேஸ்டேஷன் இணையக் கடையிலிருந்தே எடுத்தது. உங்கள் வீட்டு மெஷினுக்கான விமர்சனம் வரும்வரை பொறுங்கள். ஸ்டீமில் கட்டிவிட்டால், வெளியீடுவரை எப்போதும் பணம் திரும்பப் பெறலாம். பிறகு 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் மட்டும். முன்கூட்டியே ஆடக் கொடுக்கும் நாட்களின் நேரமும் அந்த 2 மணியில் சேரும்.