பெயர் மறைந்த ரயில்வேயின் மனிதர்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, ஓய்வுபெற்ற ரயில்வே தொழிலாளர்கள் கூடிப் பழைய நாட்களைப் பேசும் நிகழ்ச்சி ஒன்றுக்குச் சென்றிருந்தேன். பலரும் அணிந்திருந்த தொப்பியில் ‘பென்சில்வேனியா ரெயில்ரோடு’ என்று இருந்தது. அந்தப் பெயரில் இன்று எந்த ரயிலும் ஓடுவதில்லை என்று மகள் சொன்னாள். இல்லாத ஒரு நிறுவனத்தின் மீது இவ்வளவு பற்று எப்படி வந்தது? அவர்கள் பேசியதில் பாதி அங்கிருந்த அமெரிக்கர்களுக்கே விளங்கவில்லை. அது ஏன்?

பதில்: 1846-இல் தொடங்கப்பட்ட அந்த நிறுவனம், நெடுங்காலமாகத் தனக்குப் போட்டியாக இருந்த நியூயார்க் சென்ட்ரலுடன் 1968 பிப்ரவரியில் இணைந்து ‘பென் சென்ட்ரல்’ ஆயிற்று. இரண்டரை ஆண்டுகூட ஆகாத நிலையில், 1970 ஜூன் மாதம், அது திவாலானது. 1976-இல் அரசு முன்னின்று உருவாக்கிய ‘கான்ரெயில்’ அதன் பாதைகளில் பெரும்பகுதியை ஏற்றுக்கொண்டது. 1999-இல் கான்ரெயிலின் பாதைகளும் நார்ஃபோக் சதர்ன், சி.எஸ்.எக்ஸ். என்ற இரு நிறுவனங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. ஆகவே, பதினெட்டு வயதில் வேலைக்குச் சேர்ந்த ஒருவர், அதே யார்டில், அதே தண்டவாளத்தின் மேல் நின்றபடியே நான்கு முதலாளிகளின் பெயரில் சம்பளம் வாங்கியிருக்க முடியும். பெயர்ப்பலகை மாறிக்கொண்டே இருக்க, மாறாமல் இருந்தவை வேலையும் உடன் வேலை செய்தவர்களும்தான். தொப்பியில் உள்ள பெயர், அவர்கள் தொழில் பழகிய இடத்தின் பெயர் என்று கொள்ளுங்கள். நிறுவனத்தின் நிர்வாகத்தைப் பற்றிக் கேட்டிருந்தால் அவர்களே கடுமையாகப் பேசியிருப்பார்கள்.

பேச்சு விளங்காமல் போனதற்குக் காரணம் உண்டு. அமெரிக்க ரயில் பாதைகள் பெரும்பாலும் தனியார் நிறுவனங்களுடையவை. ஒவ்வொன்றும் தனக்கென்று விதிப்புத்தகமும் பழக்கங்களும் வைத்திருந்தது. சிக்னலையே எடுத்துக்கொள்ளுங்கள். சிவப்பு, பச்சை என்ற நிறங்களைக் கொண்டு மற்றவர்கள் சொன்னதை, பென்சில்வேனியா ரெயில்ரோடு ஒரே மஞ்சள் நிற விளக்குகளை வரிசையாக நிறுத்திக் கோணத்தால் சொல்லியது: வரிசை செங்குத்தாக நின்றால் போகலாம், சாய்ந்திருந்தால் எச்சரிக்கையாகப் போக வேண்டும், கிடையாக இருந்தால் நிற்க வேண்டும். இந்தப் பாதையில் வளர்ந்த டிரைவருக்கும் அடுத்த நிறுவனத்தின் டிரைவருக்கும் இடையே எவ்வளவு தூரம் இருந்திருக்கும் என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம்.

இத்தகைய கூட்டங்களில் நான் மிகவும் மதிப்பது உணர்ச்சிப் பேச்சை விட, கையும் கண்ணும் கற்றுவைத்திருந்த வேலை நுணுக்கங்களைத்தான். ஓடும் ரயிலுக்கு உத்தரவு கொடுத்த முறையைப் பாருங்கள். எந்த ரயில் எங்கே ஒதுங்கி எதற்கு வழிவிட வேண்டும் என்று தலைமை இடத்திலிருந்து தந்தியிலோ தொலைபேசியிலோ சொல்லப்படுவதை, நிலையத்தில் இருப்பவர் மெல்லிய தாளில் நகல்களாக எழுதிக்கொள்வார். கையொப்பம் தேவைப்படாத வகை உத்தரவானால் அதற்காக ரயிலை நிறுத்த வேண்டியதில்லை. கவை போல இரண்டாகப் பிரிந்த நீண்ட கம்பின் முனைகளில் நூலை முடிச்சிட்டு, அந்த நூலில் தாளை மடித்துச் செருகி, தண்டவாளத்தின் ஓரமாக நின்று அவர் கம்பை உயர்த்திப் பிடிப்பார். இன்ஜினில் இருப்பவர் கையை வளைத்து நூலுக்குள் நுழைத்ததும், நூலும் தாளும் அவரோடு போய்விடும். கம்பு மட்டும் நிலையத்தாரின் கையில் தங்கும். பின்னர், முழு வண்டியும் கடந்து செல்லும் வரை அங்கேயே நின்று, கடைசிப் பெட்டியில் இருப்பவர்களுக்கு இரண்டாவது நகலைக் கொடுக்க வேண்டும். நள்ளிரவில், பனி பெய்கையில், சில அடி தூரத்தில் நூற்றுக்கணக்கான டன் இரும்பு விரைந்துகொண்டிருக்கையில் இது நடந்தது. விதிப்புத்தகத்தில் இதற்கு ஓரிரு வரிகள் இருக்கலாம். எங்கே கால் ஊன்ற வேண்டும், எப்போது உடலைப் பின்னுக்கு வாங்க வேண்டும் என்பவை செய்தவருக்குத்தான் தெரியும்.

கடைசிப் பெட்டி என்றேனே, சரக்கு ரயிலின் வாலில் தொழிலாளர்கள் இருந்த அந்த ‘கபூஸ்’ 1980-களில் பெரும்பாலும் விலக்கப்பட்டு, அதன் இடத்தில் மினுக்கும் விளக்கு பொருத்திய சிறு கருவி வந்தது. அதில் இருந்தவர்கள் வளைவுகளில் முன்னால் எட்டிப் பார்த்து, சக்கர அச்சின் முனை சுழலும் அச்சுப்பெட்டி எதிலிருந்தாவது புகை கிளம்புகிறதா என்று கவனித்தார்கள். அதனுள் எண்ணெயில் ஊறிய பஞ்சுத் திணிப்பு சூடேறிக் கருகும் வாடையை, கண்ணுக்குப் புகை தெரியும் முன்பே மூக்கு அறிந்துவிடும். கவனிக்காமல் விட்டால் அச்சு முறிந்து வண்டி தடம் புரளும். உருளைத் தாங்கிகளும் (ரோலர் பேரிங்) பாதையோரத்தில் வெப்பம் அறியும் கருவிகளும் வந்த பிறகு அந்த மூக்குக்கு வேலையில்லை. அதை வைத்திருந்தவர்கள்தான் நீங்கள் பார்த்த கூட்டத்தில் அமர்ந்திருக்கிறார்கள்.

கேள்வி: முதியவர்களின் நினைவில் எல்லாமே இனிமையாகிவிடுகிறது அல்லவா? இத்தகைய பேச்சை வரலாறாக ஏற்க முடியுமா?

பதில்: ஆண்டையும் நாளையும் பொறுத்தவரை நினைவு தடுமாறும், அவற்றைக் கால அட்டவணையோடும் பணிப்பதிவேடுகளோடும் ஒப்பிட்டுத்தான் ஏற்க வேண்டும். வேலை செய்த விதத்தைப் பொறுத்தவரை, ஒரே வேலையைப் பல்லாயிரம் முறை செய்தவரின் சொல்லை நான் எளிதில் தள்ளமாட்டேன். இனிமை பற்றிய உங்கள் ஐயமும் நியாயமானதே. 1907-ஆம் ஆண்டுச் சட்டம் ரயில் ஓட்டுவோரைத் தொடர்ந்து 16 மணி நேரம் வரை வேலை வாங்க இடம் கொடுத்தது; அந்த வரம்பு 12 மணி நேரமாகக் குறைந்தது 1970-களில்தான். அந்தக் களைப்பையும், எந்நேரமும் வேலைக்கு அழைப்பு வரலாம் என்று குடும்பம் காத்துக் கிடந்ததையும் கூட்டத்தில் அவர்கள் தாமாகச் சொல்லமாட்டார்கள். மனைவியரைக் கேட்டால் வரும்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. கூட்டத்துக்கு வந்தவர்களின் நினைவுதான் பதிவாகும். புல்மன் என்ற நிறுவனம் நடத்திய படுக்கைப் பெட்டிகளில் பணியாற்றிய கறுப்பினப் பணியாளர்கள், அவரவருக்குச் சொந்தப் பெயர் இருந்தும், பயணிகளால் ‘ஜார்ஜ்’ என்று ஒரே பெயரால் அழைக்கப்பட்டவர்கள், 1925-இல் ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் சங்கம் அமைத்து, பன்னிரண்டு ஆண்டுப் போராட்டத்துக்குப் பின் 1937-இல் புல்மன் நிறுவனத்தோடு ஒப்பந்தம் கண்டவர்கள். அவர்கள் கண்ட ரயிலும் இன்ஜினில் இருந்தவர் கண்ட ரயிலும் ஒன்றாக இருந்திருக்க முடியாது. இன்னும் பின்னே சென்றால், 1869 மே மாதம் யூட்டாவில் இணைந்த கண்டம் கடக்கும் பாதையின் மேற்குப் பகுதியை அமைத்தவர்களில் பெரும்பான்மையினர் சீனத் தொழிலாளர்கள். ஆயிரக்கணக்கில் உழைத்த அவர்களுடைய கடிதமோ நாட்குறிப்போ ஒன்றுகூட ஆய்வாளர்களுக்குக் கிடைக்கவில்லை. கேட்க வேண்டிய காலத்தில் யாரும் கேட்கவில்லை. இந்த இழப்பை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை.

கேள்வி: அடுத்த முறை சென்றால் பதிவு செய்ய விரும்புகிறேன். அவர்களிடம் என்ன கேட்பது?

பதில்: “உங்கள் அனுபவம் எப்படி இருந்தது?” என்று கேட்காதீர்கள், “மறக்க முடியாதது” என்பதோடு பதில் முடிந்துவிடும். பணிக்கு வந்ததும் முதலில் எதைத் தொடுவீர்கள், கை விளக்கை எப்படி அசைத்தால் பின்னுக்கு வா என்று பொருள், நின்றுவிட்ட ரயிலின் பின்புறத்தைக் காக்கக் கொடியோடு எவ்வளவு தூரம் நடந்தீர்கள் என்று கேளுங்கள். ரயிலின் காவலுக்குப் பின்னால் போனவரைத் திரும்ப அழைக்க, மேற்கிலோ தெற்கிலோ இருந்தால் நான்கு நீண்ட ஊதல், கிழக்கிலோ வடக்கிலோ இருந்தால் ஐந்து என்று விதி இருந்தது. அந்த ஒலிக்காக இருட்டில் காத்திருந்த நேரத்தைப் பற்றிக் கேட்டால் நிச்சயம் பேசுவார்கள். ஒருவரைத் தனியே வைத்துக் கேட்பதை விட, ஒன்றாக வேலை செய்த இருவரை அருகருகே உட்கார வையுங்கள். ஒருவர் விட்டதை மற்றவர் எடுத்துக் கொடுப்பார். பதிவு செய்ய ஒப்புதலை முன்பே பெற்றுக்கொள்ளுங்கள். அவர்களிடம் பழைய புகைப்படங்கள் இருந்தால், படத்தில் இருப்பவர் யார், எந்த இடம், எந்த ஆண்டு என்பதை அவர்கள் சொல்லச் சொல்லவே பென்சிலால் பின்புறம் மென்மையாகக் குறித்துவிடுங்கள்.