பாதிக் கண்ணு எதுக்கு?

கேள்வி: லென்ஸ், விழித்திரை, நரம்பு, இதுல ஒண்ணு இல்லாட்டியும் கண்ணு வேலை செய்யாதே, பரிணாமத்துல கொஞ்சம் கொஞ்சமா வந்துச்சுன்னா எப்படிங்க நம்புறது? படைச்சதுன்னு சொல்றதுதானே சரி?

பதில்: டார்வினே 1859ல இதே சந்தேகத்த எழுதி, கையோட பதிலும் சொல்லிட்டாரு, ஆனா பாதி பேரு அந்த முதல் வரியோட புக்க மூடிடுறாங்க! லென்ஸே இல்லாத கண்ணுங்க இன்னிக்கும் உயிரோட இருக்கு. தட்டைப்புழுல ஒரு வகைக்கு சின்னக் குழிதான் கண்ணு, வெளிச்சம் எந்தப் பக்கம்னு தெரியும், அதுக்கு அதுவே போதும். நாட்டிலஸ்னு ஒரு கடல் ஜந்துக்கு வெறும் ஊசி ஓட்டை, கடல்தண்ணியே உள்ள போயிட்டு வரும். கடவுள் இருக்காராங்கிறது வேற கேள்விங்க, அதுக்கு கண்ண சாட்சிக்கு இழுக்காதீங்க, ஏன்னா நம்ம கண்ணுல நரம்பு விழித்திரைக்கு முன்னாடி ஓடி, ஒரு ஓட்டை வழியா பின்னாடி போகுது, அங்க பார்வையே கிடையாது. டெஸ்ட் பண்ணிப் பாருங்க, ரெண்டு கட்டைவிரலையும் ஒட்டி நேரா நீட்டி, இடது கண்ண மூடிட்டு, வலது கண்ணால இடது விரலையே பாத்துக்கிட்டு வலது விரல மெதுவா வலப்பக்கம் நகத்துங்க, ஒரு சாணுக்குள்ள விரல் நுனி காணாமப் போயிடும். ஆக்டோபஸுக்கு நரம்பு பின்னாடியே ஓடுது, அதுக்கு இந்தத் தொல்லையே இல்ல.