கரை உடையும்வரை காத்திருக்க வேண்டாம்

கேள்வி: எங்கள் வீட்டுக்கு மேலே தனியார் ஒருவர் மண் அணை கட்டி, படகு விடவும் மீன் பிடிக்கவும் தண்ணீர் தேக்கியிருக்கிறார். கரையின் அடியில் கசிகிறது. மீன் தப்பாமலிருக்கக் கலிங்கில், அதாவது உபரித் தண்ணீர் வெளியேறும் வழியில், கம்பிவலை கட்டியிருக்கிறார். கேட்டால் "என் நிலம், என் தண்ணீர்" என்கிறார். உடைந்தால்தான் வழக்குப் போட முடியுமா?

பதில்: இல்லை, இப்போதே போடலாம். நிலம் அவருடையதுதான், ஆனால் தேக்கிய தண்ணீர் வெளியேறி அடுத்தவருக்குச் சேதம் செய்தால் கவனக்குறைவை நிரூபிக்காமலே தேக்கியவர் பொறுப்பு என்று இங்கிலாந்தில் 1868-இல் ரைலண்ட்ஸ் எதிர் ஃபிளெட்சர் வழக்கில் தீர்ப்பானது, அதுவும் ஒரு தனியார் நீர்த்தேக்கம் பக்கத்துச் சுரங்கத்தை மூழ்கடித்த வழக்குதான். இங்கிலாந்தைப் போல முன்தீர்ப்புகளைப் பின்பற்றும் பொதுச் சட்ட (common law) மரபு உள்ள நாடுகள் பலவும் இந்த விதியை ஏதோ ஒரு வடிவில் எடுத்துக்கொண்டன.

ஆனால் அதில் ஒரு ஓட்டை உண்டு. 1876-இல் நிக்கல்ஸ் எதிர் மார்ஸ்லாந்து வழக்கில், அழகுக்காக வெட்டிய குளங்களின் கரை பெருமழையில் உடைந்து நான்கு பாலங்கள் அடித்துச் செல்லப்பட்டன. பராமரிப்பில் குறை இல்லை, மழை யாரும் எதிர்பாராதது, அது இயற்கையின் செயல் என்று உரிமையாளர் தப்பினார். உங்கள் அணைக்காரரும் நாளை இதையேதான் சொல்வார். அமெரிக்காவின் ஜான்ஸ்டவுனுக்கு மேலே பணக்காரர்களின் கிளப் ஒன்று வைத்திருந்த மண் அணை 1889 மே 31 அன்று உடைந்து 2,209 பேர் இறந்தார்கள். அங்கேயும் கலிங்கில் மீன் வலை, அதில் குப்பை அடைத்துக்கொண்டது, முன்பே கழற்றப்பட்ட வெளியேற்றுக் குழாய்களை யாரும் திரும்பப் பொருத்தவில்லை. இவ்வளவுக்குப் பிறகும் கிளப்பிடமிருந்து நீதிமன்றம் வழியாக யாருக்கும் இழப்பீடு கிடைக்கவில்லை. எனக்கு இன்றும் ஆறாத விஷயம் அது.

அதனால் "எனக்குத் தெரியாது" என்று அவர் சொல்ல முடியாதபடி செய்யுங்கள். கசியும் தண்ணீரைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து அரைமணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் மண் படிந்தால் கரையின் உள்ளிருந்தே மண் அரித்து வருகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும், தெளிந்த கசிவைவிட அது பல மடங்கு ஆபத்து. தேதியோடு படம் எடுங்கள், வலையையும் சேர்த்து. அப்புறம் வலையை அகற்றச் சொல்லியும் கரையைப் பொறியாளரைக் கொண்டு சோதிக்கச் சொல்லியும் வழக்கறிஞர் மூலம் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள், நகல் அணைப் பாதுகாப்பைப் பார்க்கும் அரசு அலுவலகத்துக்கும் போகட்டும். அசையவில்லையென்றால் உறுத்துக்கட்டளை கேட்டு வழக்கு, அதாவது இதைச் செய் அல்லது செய்யாதே என்று நீதிமன்றம் அவருக்குப் போடும் உத்தரவு. வெறும் பயத்துக்கு நீதிபதி உத்தரவு போடமாட்டார், ஆபத்து நெருங்கியிருப்பதைக் காட்ட உங்கள் தரப்புப் பொறியாளரின் அறிக்கை கட்டாயம் வேண்டும்.

வலையை நீங்களே போய் அறுக்காதீர்கள், அத்துமீறல் வழக்கு உங்கள் மேல் திரும்பும். கசிவு திடீரென்று பெருகிக் கலங்கலாக வந்தால் நோட்டீஸ், வழக்கு எல்லாம் அப்புறம். முதலில் வீட்டாரோடு மேட்டுக்குப் போய்விட்டு, கீழே இருப்பவர்களுக்கும் அவசர உதவிக்கும் போன் செய்யுங்கள்.